மூன்றாவது கம்பி

ஈபி ஆபீசில் எஸ்டிமேட் போட்டுத் தந்தார்கள்.
நான்கு போஸ்ட். அதில் ஒன்று
தங்கையன் அண்ணனின் ரப்பர் விளையில்.
"ரெண்டு மரம் போவும், பால் தாற மரம்" என்றார்.
கையெழுத்துப் போடவில்லை.
சாயை தந்தார்.

அதற்குள் லேத் வந்து இறங்கிவிட்டது.
கோட்டாறு பழைய இரும்புக்காரரிடம் இரண்டு மாதம் பேசி வாங்கியது.
டெம்போவில், வில்லுக்குறி வளைவில் ஒருதரம் சரிந்து,
பாலப்பள்ளம் வரை.
நான் பின்னால் ஸ்கூட்டரில்
அதைக் கட்டிய முடிச்சுகளையே பார்த்துக்கொண்டு.

இரண்டு குதிரைத்திறன். மூன்று முனை.
என் வீட்டுக்கு வருவது இரண்டு கம்பி:
ஒன்றில் உயிர், மற்றதில் ஒன்றுமில்லை.
மிக்சியும் கிரைண்டரும் இதுவரை
ஒரு குறையும் சொன்னதில்லை.
லேத் சொன்னது.
சுவிட்சைப் போட்டால் உறுமியது, திரும்பவில்லை.

ஒற்றை பேஸ் அப்படித்தான்.
வரும், போகும், வரும், போகும்,
ஊஞ்சல் மாதிரி. சுற்றத் தெரியாது.
கையால் ஒரு சுண்டு சுண்டினால்
சுண்டிய பக்கம் ஓடும்.
வலம் என்றால் வலம், இடம் என்றால் இடம்.
இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற ஒன்றை
நம்பி வேலைக்கு வைக்க முடியாது.

திங்கள்சந்தையில் ஓர் எண்ணெய் மில்லைப் பிரித்தபோது
மூன்று குதிரை மோட்டார் கிடைத்தது,
பிண்ணாக்கு மணம் போகாமல்.
மூலையில் சிமெண்ட் போட்டு உட்காரவைத்தேன்.
பெல்ட் கிடையாது, பாரம் கிடையாது.
அதற்கும் லேத்துக்கும்
ஸ்டாரில் கிடந்த தகடுகளை டெல்டாவுக்கு மாற்றினேன்.
கப்பியில் கயிறு சுற்றி
(குளச்சல் வள்ளக்காரர் தந்த நைலான்)
ஒரே இழுப்பு, உடனே சுவிட்ச்.
ஓடியது.
ஓடிக்கொண்டே,
கம்பி வராத மூன்றாவது முனையில்
தானே ஒரு மின்சாரத்தைப் பெற்றது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
உள்ளதற்கும் உள்ளதற்கும் நடுவே இருநூற்று முப்பது.
இல்லாததற்கு ஒரு பக்கம் இருநூற்றுப் பத்து,
மறுபக்கம் இருநூற்று நாற்பது. சற்றே நொண்டி.
கப்பாசிட்டர் ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழற்றி,
ராத்திரி பதினொன்றுக்கு
இரண்டு பக்கமும் இருநூற்று இருபத்தைந்தை ஒட்டி நின்றது.
போதும்.
என் இரண்டு புருவமும்கூட இவ்வளவு ஒத்திருக்காது.

நான் கருங்கலுக்கு ராடு வாங்கப் போயிருந்த ஒரு பகலில்
கொழுந்தன் ஷாஜின்
கயிற்றை மாற்றிச் சுற்றி இழுத்துவிட்டான்.
மூலை மோட்டார் இடம் போக
லேத்தும் கூடவே இடம் போய்
சக் தன் மரையைத் தானே கழற்றிக்கொண்டு
குதித்து, இரண்டு டைல்சை உடைத்து,
துணி துவைக்கிற கல் வரை உருண்டது.
"நான் ஒண்ணும் செய்யல மைனி,
கயித்தத்தான் இழுத்தேன்."
சரிதான்.
அவன் இழுத்தது மட்டும்தான் திசை,
மற்றதெல்லாம் மின்சாரம்.
கப்பியின்மேல் நெயில் பாலிஷால்
ஓர் அம்புக்குறி போட்டேன், சிவப்பில்.

மழை விட்ட வாரம் தங்கையன் அண்ணன் வந்தார்,
ஷீட் அடிக்கிற ரோலரின் புஷ்ஷைக்
காகிதத்தில் பொதிந்துகொண்டு.
தேய்ந்து முட்டையாகியிருந்தது.
வெண்கலத்தில் புதிதாய்க் கடைந்து தந்தேன்.
முந்நூற்றைம்பது என்றேன், முந்நூறு தந்தார்.
போஸ்டைப் பற்றி
அவரும் வாய் திறக்கவில்லை, நானும்.
நடை இறங்கியவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார்:
"அது என்னத்துக்குச் சும்மா ஓடுது?"
"சும்மா ஓடத்தான்."

காலையில் நான் கயிற்றை இழுக்கும்போது
அவர் வீட்டு டியூப்லைட் ஒருதரம் கண்சிமிட்டுமாம்.
ரோஸ்லெட் அக்கா தண்ணீர்ப் பைப்பில் வைத்துச் சொன்னாள்:
"அப்பம் தெரியும், நீ வேலையத் தொடங்கிட்டன்னு."
குறையா, குசலமா, பிடிபடவில்லை.
நாளை
ஒரு கப்பாசிட்டரைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.